சிட்ரின்: ஒரு மஞ்சள் நிறத்தின் பல பிறப்புகள்

சிட்ரின் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு கற்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே கனிமம் என்று நம்புவது கடினம். முதலாவது தனித்து நிற்கும் ஆறுபக்கப் படிகம். வெளிறிய தேனின் நிறம், ஓரங்களில் இலேசான புகைமூட்டம், அடியிலிருந்து முனைவரை ஏறத்தாழ ஒரே சீரான சாயல். இரண்டாவது நூற்றுக்கணக்கான சிறு முனைகள் நெருங்கி நிற்கும் கொத்து. முனைகள் எரியும் ஆரஞ்சு நிறத்திலும், அவற்றின் வேர்ப்பகுதி சுண்ணாம்பைப் போன்ற வெண்மையிலும் இருக்கும். முதலாவது பூமிக்கடியில் தன் நிறத்தைப் பெற்றது. இரண்டாவது, அநேகமாக, ஊதா நிறத்தில் வெட்டியெடுக்கப்பட்டு, உலையில் சூடேற்றப்பட்ட பின் மஞ்சளானது. உலகச் சந்தையில் சிட்ரின் என்று கைமாறுவனவற்றில் மிகப் பெரும்பங்கு இந்த இரண்டாம் வகையே. சேகரிப்பாளர்களை இந்தக் கல் ஏன் இவ்வளவு ஈர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிட்ரின் என்பது குவார்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, சிலிக்கன் அணு ஒன்றுக்கு ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு என்ற விகிதத்தில் அமைந்த சிலிக்கன் டை ஆக்சைடு. நிறமற்ற ஸ்படிகமும், ஊதா நிறச் செவ்வந்திக்கல்லான அமெதிஸ்டும், பழுப்பு நிறப் புகைப்படிகமும் இதே பொருள்தான். தூய்மையான சிலிக்கன் டை ஆக்சைடுக்கு நிறமே கிடையாது; எனவே குவார்ட்ஸில் காணப்படும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஏதோ ஓர் அந்நியப் பொருளோ, அணுக்கட்டமைப்பில் நேர்ந்த ஒரு சிறு குறையோ காரணமாக இருந்தாக வேண்டும். சிட்ரினைப் பொறுத்தவரை அந்தக் காரணம் ஒன்றல்ல என்பதுதான் இதன் வரலாற்றைச் சுவையுள்ளதாக்குகிறது.

முதல் வழி அலுமினியத்தின் வழி. படிகம் வளரும்போது, சிலிக்கன் அமர வேண்டிய இடங்களில் மிகச் சிலவற்றில் அலுமினியம் அமர்ந்துவிடுகிறது. சிலிக்கனுக்கு நான்கு நேர்மின்சுமை, அலுமினியத்துக்கு மூன்று. இந்தக் குறையை ஈடுகட்ட லித்தியம், சோடியம், ஹைட்ரஜன் போன்ற சிறிய அயனிகள் அருகில் வந்து தங்குகின்றன. இந்த நிலையிலும் படிகம் நிறமற்றே இருக்கும். ஆனால் அது கிரானைட் அல்லது பெரும்படிகங்களால் ஆன பெக்மடைட் பாறையின் நடுவே இருந்தால், சுற்றிலும் உள்ள பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து மிக மெல்லிய கதிர்வீச்சு இடைவிடாமல் அதன்மீது பட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கதிர்வீச்சு, அலுமினியத்தை ஒட்டிய ஆக்சிஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டி நீக்குகிறது. அந்த வெற்றிடங்கள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சத் தொடங்குகின்றன. பல இலட்சம் ஆண்டுகள் இப்படிக் கழிந்தால் புகைப்படிகம் உருவாகிறது. அதே அலுமினியத்தோடு தொடர்புடைய, சற்று வேறுபட்ட அமைப்புகளே இயற்கையான வெளிர்மஞ்சள் சிட்ரினின் நிறத்துக்குக் காரணம். எனவேதான் இயற்கைச் சிட்ரின் படிகங்கள் பலவற்றில் மஞ்சளும் புகையும் ஒன்றாகவே கலந்து காணப்படுகின்றன. ஒரு முனை தேன்நிறமாகவும் மறுமுனை பழுப்பாகவும் இருப்பது குறையாகாது, அந்தக் கல் பிறந்த விதத்தின் அடையாளம் அது.

இந்த வகை நிறம் வெப்பத்துக்கு அஞ்சும். புகைப்படிகத்தைச் சுமார் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாகச் சூடாக்கினால் புகை விலகி, சில கற்களில் பச்சை கலந்த மஞ்சள் வெளிப்படும். மேலும் சூடாக்கினால் அதுவும் மறைந்து நிறமற்ற ஸ்படிகமே மிஞ்சும். ஆக, இயற்கைச் சிட்ரின் உருவாக, அலுமினியம் இருக்க வேண்டும், கதிர்வீச்சு இருக்க வேண்டும், பின்னாளில் அந்தப் பாறை அளவுக்கு மீறிச் சூடேறாமலும் இருக்க வேண்டும். இத்தனையும் ஒருங்கே கூடிவருவது அரிது. புகைப்படிகமும் செவ்வந்திக்கல்லும் பல நாடுகளில் ஏராளமாகக் கிடைக்கும்போது, இயற்கையான மஞ்சள் குவார்ட்ஸ் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

இரண்டாவது வழி இரும்பின் வழி. செவ்வந்திக்கல்லில் சிலிக்கனின் இடத்தில் அமர்ந்திருப்பது இரும்பு. கதிர்வீச்சினால் அந்த இரும்பு எலக்ட்ரான் ஒன்றை இழக்கும்போது ஊதா நிறம் தோன்றுகிறது. அந்தக் கல்லை ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஊதா மறைந்து, இரும்பு மிக நுண்ணிய ஆக்சைடு துகள்களாகப் படிகத்துக்குள் பரவி நிற்கிறது. துருவின் நிறம் எதுவோ அதே நிறந்தான் இங்கும்: வெளிர்மஞ்சள் தொடங்கி, ஆரஞ்சு வழியாக, செம்பழுப்பு வரை. எந்தச் சுரங்கத்தின் கல், அதில் எவ்வளவு இரும்பு, எத்தனை டிகிரி வெப்பம் என்பவற்றைப் பொறுத்து இறுதி நிறம் மாறும். பிரேசிலின் மாண்டெசூமா பகுதிச் செவ்வந்திக்கற்கள் இதே முறையில் சூடாக்கப்படும்போது மஞ்சளாகாமல் பச்சையாவது இதற்குத் தக்க சான்று. வெப்பத்துக்கு ஓர் எல்லையும் உண்டு: 573 டிகிரியில் குவார்ட்ஸின் அணுக்கட்டமைப்பே உருமாறுவதால், அந்த எல்லையை அவசரமாகக் கடக்கும் கற்களில் விரிசல்கள் விழுகின்றன.

இயற்கையும் சில இடங்களில் இந்த உலைவேலையைச் செய்திருக்கிறது. செவ்வந்திக்கல் இருந்த பாறைகளை, பின்னர் மேலெழுந்த எரிமலைக்குழம்பின் வெப்பம் சூடாக்கியிருந்தால், இரும்புவழிச் சிட்ரின் மனிதக் கை படாமலேயே உருவாகும். இதனால்தான், ஆரஞ்சு நிறம் என்றாலே செயற்கை என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுவதை நான் ஏற்பதில்லை. எனினும் அத்தகைய கற்கள் மிகவும் அரியவை. அப்படி ஒன்று என்று சொல்லி விற்பவர் அதற்கான ஆதாரத்தையும் சேர்த்துத் தர வேண்டும்.

சந்தையை நிரப்பும் கொத்துகளின் தாயகம் தென் அமெரிக்கா. ஏறத்தாழ 13.5 கோடி ஆண்டுகளுக்கு முன், தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரியத் தொடங்கிய காலத்தில், இன்றைய தெற்கு பிரேசில், உருகுவே பகுதிகளில் பெருவெள்ளம்போல் எரிமலைக்குழம்பு பரவி, பசால்ட் பாறையாக இறுகியது. அதனுள் சிக்கிய வாயுக்குமிழ்கள் வெற்றறைகளாக எஞ்சின. பிற்காலத்தில் சிலிக்கா கரைந்த நீர் அந்த அறைகளுக்குள் ஊறி, சுவர்களில் முதலில் அகேட் என்னும் வரியோடிய நுண்படிகக் குவார்ட்ஸ் பட்டைகளையும், பின்னர் உள்நோக்கி வளரும் செவ்வந்திப் படிகங்களையும் படியவைத்தது. பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்திலும், எல்லைக்கு அப்பால் உருகுவேயின் ஆர்ட்டிகாஸ் பகுதியிலும் ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய குடைவுப் பாறைகள் இன்றும் வெட்டியெடுக்கப்படுகின்றன. அவற்றில் ஊதா நிறம் போதிய அழுத்தமின்றி இருப்பவற்றை உலைக்கு அனுப்புவது வழக்கம். வெளிறிய செவ்வந்திக்கல்லுக்கு வாங்குவோர் குறைவு. அதுவே ஆரஞ்சானால் விலைபோகும்.

இந்த வணிகத்தை வளர்த்ததில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பல நூற்றாண்டுகளாக அகேட் அறுத்துப் பட்டை தீட்டி வாழ்ந்த அந்நகரத்துக் கைவினைஞர்களின் உள்ளூர்ச் சுரங்கங்கள் வற்றத் தொடங்கியபோது, 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த அவ்வூர் மக்கள் அங்கிருந்து மூலக்கற்களைக் கப்பல்களில் அனுப்பினர். கற்களைச் சூடாக்கி நிறம் மாற்றும் நுட்பத்தில் அந்நகரம் ஏற்கெனவே தேர்ந்திருந்ததால், செவ்வந்திக்கல்லை மஞ்சளாக்குவது அதன் தொழிலின் இயல்பான நீட்சியாக அமைந்தது.

பெயரின் கதை குழப்பம் நிறைந்தது. சிட்ரின் என்ற சொல் எலுமிச்சையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லோடு உறவுடையது. நிறத்தை வைத்து வந்த பெயர் அது. ஆனால் கனிமங்களை வேதியியல்வழி பிரித்தறியும் முறை வளர்வதற்கு முன், மஞ்சள் நிறமுடைய ஒளிபுகும் கல் எதுவாயினும் புஷ்பராகம் என்ற பொருளில் டோபாஸ் என்றே அழைக்கப்பட்டது. அறிவியல் தெளிந்த பின்னும் வணிகம் அந்தப் பெயரை விடவில்லை. மடீரா டோபாஸ், பாஹியா டோபாஸ், தங்க டோபாஸ் என்றெல்லாம் விற்கப்பட்டவை பெரும்பாலும் மஞ்சள் குவார்ட்ஸே. பழைய நகைகளையும் பழைய சேகரிப்புச் சீட்டுகளையும் கையாள்பவர் இதை மனத்தில் வைத்திருப்பது அவசியம். சீட்டில் எழுதிய பெயர் அன்றைய வழக்கைச் சொல்லுமே தவிர, கனிமத்தைச் சொல்லாது. நவம்பர் மாதத்துக்குரிய பிறப்புக்கல்லாக முன்பு டோபாஸ் மட்டுமே இருந்த அமெரிக்கப் பட்டியலில், 1952இல் சிட்ரினும் மாற்றுக்கல்லாகச் சேர்க்கப்பட்டதால், இந்த இரண்டு பெயர்களும் பொதுமக்கள் பேச்சில் இன்னும் நெருக்கமாகிவிட்டன.

உண்மையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமே அல்ல. சிட்ரினின் ஒப்படர்த்தி 2.65, டோபாஸுக்கு ஏறத்தாழ 3.5. ஒரே அளவுள்ள இரு கற்களைக் கையில் ஏந்தினாலே கனத்தின் வேறுபாடு தெரியும். சிட்ரினின் ஒளிவிலகல் எண் 1.544 முதல் 1.553 வரை, டோபாஸ் 1.61க்கு மேல். பத்துவரை செல்லும் மோஸ் கடின அளவுகோலில் சிட்ரின் 7, டோபாஸ் 8. டோபாஸ் ஒரு திசையில் கத்தியால் சீவியதுபோலச் சமதளமாகப் பிளக்கும். குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது, உடைந்த கண்ணாடியைப்போலச் சிப்பி வளைவுகளோடு உடையும்.

இயற்கைச் சிட்ரினையும் சூடேற்றிய செவ்வந்திக்கல்லையும் பிரிப்பதுதான் உண்மையான சோதனை. இரண்டும் ஒரே கனிமம் என்பதால் அடர்த்தியோ ஒளிவிலகலோ உதவாது. கண்ணுக்குத் தெரியும் முதல் தடயம் படிகத்தின் வடிவம். செவ்வந்திக்கல் பெரும்பாலும் குட்டையான முனைகளாகக் கொத்தாக வளர்கிறது. உடற்பகுதி மங்கிய வெண்மையாகவும், நிறம் முனையில் திரண்டும் இருக்கும். சூடாக்கினாலும் அந்த வடிவமும் அந்த நிறப்பரவலும் மாறுவதில்லை, ஊதா இருந்த இடத்தில் ஆரஞ்சு வந்து அமர்கிறது, அவ்வளவே. இயற்கைச் சிட்ரினோ நீண்ட உடலுடைய தனிப்படிகங்களாக, புகைப்படிகத்தின் சாயலில் வளர்வதே மிகுதி. அடுத்த தடயத்துக்குத் தளவிளைவு ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, வேண்டும். இயற்கைக் கல்லைத் திருப்பிப் பார்க்கும்போது மஞ்சளின் அழுத்தம் திசைக்குத் திசை சற்றே மாறும். சூடேற்றிய கல்லில் இந்த மாற்றம் காணப்படுவதில்லை. மூன்றாவது, இரட்டை வளர்ச்சி. செவ்வந்திக்கல்லில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போன்ற இடக்கை, வலக்கை அணு அமைப்புள்ள மெல்லிய அடுக்குகள் மாறிமாறி அமைந்திருப்பது வழக்கம். பிரேசில் விதி இரட்டைப்படிகம் என்று பெயர். குறுக்காக வைத்த இரு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே அந்த அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். உலை நிறத்தை மாற்றலாம். இந்த வரிகளை அழிக்க அதனால் முடியாது. பட்டை தீட்டப்பட்டு, முழு வடிவத்தை இழந்துவிட்ட கற்களிலும் இந்தச் சான்று எஞ்சியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது.

வேறு சில பொருள்களும் இதே பெயரில் உலவுகின்றன. நிறமற்ற குவார்ட்ஸின் மேற்பரப்பில் இரும்பு ஆக்சைடு படலமாகப் படிந்து மஞ்சளாகத் தோன்றும் படிகங்கள் அழகானவையே. ஆனால் நிறம் உடலுக்குள் இல்லாததால் அவை சிட்ரின் ஆகா. ஆய்வகக் கதிர்வீச்சுக்கும் பின்னர் வெப்பத்துக்கும் உட்படுத்திப் பெறப்படும் பச்சை கலந்த எலுமிச்சை நிறக் கற்கள் நகைச் சந்தையில் நிறைய உள்ளன. அழுத்தக் கலன்களில் வளர்க்கப்படும் செயற்கைச் சிட்ரினும் உண்டு. அதன் நடுவே நிறமற்ற வித்துத் தகடு தெரிந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இயற்கைச் சிட்ரின் கிடைக்கும் இடங்களில் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் முதன்மையானது. அங்குள்ள பெக்மடைட் பாறைகள் பெரிய, தெளிவான படிகங்களைத் தந்திருக்கின்றன. மடகாஸ்கர், சாம்பியா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு, ரஷ்யாவின் யூரல் மலைகள், ஸ்பெயினின் சலமான்கா ஆகியவற்றையும் சேகரிப்பாளர்கள் அறிவர். காங்கோவிலிருந்து வந்த, புகை கலந்த ஆழ்ந்த தேன்நிறக் கற்கள், இயற்கைச் சிட்ரின் எப்படி இருக்கும் என்பதைப் பலருக்கு முதன்முதலில் காட்டின. ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைகளில் கிடைத்த மஞ்சள் பழுப்புக் குவார்ட்ஸுக்கு அம்மலையின் பெயரே நிலைத்துவிட்டது. விக்டோரியா காலத்தில் அந்நாட்டு மார்புப்பதக்கங்களிலும் குறுவாள் கைப்பிடிகளிலும் பதிக்கப்பட்ட அந்தக் கல்லுக்குத் தேவை பெருகி, மலைகளில் கிடைத்தது போதாமற்போகவே, பிரேசில் கற்கள் அதன் இடத்தை நிரப்பின. பிரேமார் கோட்டையில் 23.6 கிலோ எடையுள்ள கேர்ன்கார்ம் படிகம் ஒன்று காக்கப்பட்டு வருகிறது.

பொலிவியாவின் கிழக்குப் பகுதியில் உள்ள அனாஹி சுரங்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊதாவும் மஞ்சளும் ஒரே படிகத்துக்குள் கூர்மையான எல்லையோடு சேர்ந்திருக்கும் அமெட்ரின் என்ற கல் அங்கிருந்துதான் பெருமளவில் வருகிறது. அந்தப் படிகத்தைக் குறுக்காக அறுத்தால், வட்டத்தை ஆறாகப் பிரித்ததுபோல மூன்று ஊதாத் துண்டங்களும் மூன்று மஞ்சள் துண்டங்களும் மாறிமாறித் தெரியும். படிகத்தின் முனையில் உள்ள ஆறு முகங்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அணு அளவில் அவை மும்மூன்றாக இரண்டு வகைப்பட்டவை. ஒரு வகை முகத்தின்கீழ் வளர்ந்த பகுதியில் இரும்பு ஊதாவைத் தரும் நிலையிலும், மற்றதன்கீழ் மஞ்சளைத் தரும் நிலையிலும் தங்கிவிட்டது. ஒரே கரைசல், ஒரே குழி, ஒரே காலம், ஆயினும் இரு நிறங்கள். சிட்ரினின் நிறத்தைப் பற்றி ஒருவர் ஒரேயொரு கல்லை வைத்துக் கற்க விரும்பினால், அந்தக் குறுக்குவெட்டையே நான் பரிந்துரைப்பேன்.

ஈர்ப்பு என்று வரும்போது, நகை விரும்புவோரும் கனிமச் சேகரிப்பாளரும் வெவ்வேறு திசைகளில் நிற்கின்றனர். நகைக்குப் பெரிய, குறையற்ற, அழுத்தமான நிறமுள்ள கல் வேண்டும். சிட்ரின் பெரிய அளவுகளில் தெளிவாகக் கிடைப்பதால், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளின் பெரிய வடிவியல் நகைகளுக்கு அது மிகவும் பொருந்தியது. மடீரா மதுவின் பெயரால் அழைக்கப்படும் செம்பழுப்புக் கற்களே அந்தச் சந்தையில் உயர்ந்தவை, அவை பெரும்பாலும் சூடேற்றியவையே. கனிமச் சேகரிப்பாளர் தேடுவது வேறு. சிதையாத முனை, இயல்பான பளபளப்புள்ள முகங்கள், தாய்ப்பாறையின் ஒரு துண்டு ஒட்டியிருத்தல், மஞ்சளிலிருந்து புகைக்கு நழுவும் நிறப்பட்டைகள் ஆகியவையே அவருக்கு மதிப்புள்ளவை. வளர்ச்சி இடையில் நின்று மீண்டும் தொடங்கியதைக் காட்டும் உள்நிழல் ஒன்று படிகத்துக்குள் தெரிந்தால், படிகம் தன் இளமை உருவத்தையே உள்ளே சுமந்து நிற்பதைக் காணலாம். வெளிறிய நிறம் இங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. மேற்பரப்பை மெருகேற்றுவதுதான் குறை, ஏனெனில் அது படிகத்தின் வளர்ச்சிக் கோடுகளை அழித்துவிடுகிறது.

சூடேற்றிய கல்லை இழிவாகப் பேசும் போக்கு சில சேகரிப்பாளரிடம் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நிறம் நிலையானது, அதன் வேதியியல் உண்மையானது, தென் அமெரிக்கப் பசால்ட்டின் வரலாறும் அதில் குறைவின்றி இருக்கிறது. சூடேற்றியதை மறைத்து விற்பதுதான் தவறு. மறைப்பதால் வாங்குபவரின் பணம் மட்டும் போவதில்லை. அந்தக் கல்லைப் பார்த்து இயற்கைச் சிட்ரின் இப்படித்தான் இருக்கும் என்று கற்றுக்கொள்பவரின் கண்ணும் தவறாகப் பழகிவிடுகிறது. ஆரஞ்சுக் கொத்துகளைப் பார்த்தே வளர்ந்த ஒருவர், சாம்பியாவின் வெளிறிய தேன்நிறப் படிகம் ஒன்றை முதன்முதலில் காணும்போது, அதைத்தான் போலி என்று நினைக்கிறார்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சிலவே. இயற்கைக் கல்லின் நிறம் வெப்பத்தால் குன்றும் என்பதால் சூடான விளக்குகளுக்கு அருகிலும், நகை பழுதுபார்க்கும் தீச்சுடருக்கு அருகிலும் அதை வைக்கக்கூடாது. தூசியில் நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருப்பதால், உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதைவிட இளஞ்சூடான நீரில் அலசுவது நல்லது. தன் கடினத்துக்குச் சமமான துகள் முகங்களின் ஓரத்தைத் தேய்த்துவிடும். எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது கல்லோடு வரும் சீட்டு. எந்தச் சுரங்கம், எந்த மாநிலம், எந்த ஆண்டு வெட்டியெடுத்தது, சூடேற்றியதா இல்லையா என்ற நான்கு விவரங்களும் மையால் எழுதப்பட்டுக் கல்லோடு சேர்ந்தே இருக்க வேண்டும். நான்காவது விவரம் உறுதியாகத் தெரியாதபோது அந்த இடத்தை வெறுமையாக விடலாம். இயற்கையானது என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.